புளித்த மோர்

செத்துப்போன அண்ணன் இசக்கிமுத்துவின் பெயர் வெட்டிய எல்லைக்கல்மேல் மாடக்கண்ணு ஏழு வருஷமாகப் புளித்த மோர் ஊற்றிவந்தான். மோரில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை விடுகிற அமிலம் சுண்ணாம்புக்கல்லை அரித்துத் தின்றுவிடும் என்று விவசாய ஆபீசர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். கல்லுக்கு அந்தப் பக்கத்துக் கிணறு அண்ணன் பங்கு. பெயர் போய்விட்டால் மதினி எதைக் காட்டிக் கேட்பாள்?

கல்லில் கருப்பும் ஆரஞ்சுமாகப் பூஞ்சை படர்ந்தது. முதலில் 'முத்து' போயிற்று, அப்புறம் 'சக்கி'. கடைசியாக நின்ற 'இ'யை இன்று காலை விரலால் தேய்த்தான். மாவாக உதிர்ந்தது.

நிமிர்ந்தால் மதினி நிற்கிறாள், கையில் மஞ்சளும் குங்குமமும். பின்னால் தெருப் பெண்கள், பொங்கல் பானையோடு.

"கட்டிக்கிட்ட நானே அவரை மறந்துட்டேன் கொழுந்தனாரே. நீங்க ஒருநாள் தப்பாம அபிஷேகம் பண்ணியிருக்கீங்க" என்று அழுதாள். சொரசொரத்துப்போன கல்லில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள்.

"இசக்கிமுத்து சாமிக்குக் குலவை போடுங்கடி" என்றாள் ஒருத்தி.

குலவைச் சத்தத்தில் மாடக்கண்ணு மெல்ல நழுவப் பார்த்தான்.

"எங்க போறீங்க? செம்புல மோர் அப்படியே இருக்கே" என்றாள் மதினி. "ஊத்துங்க. உங்க கையால குடிச்சுத்தான் அவருக்குப் பழக்கம்."