தலைகீழ் சொர்ணம்

"ஏளா, கொஞ்சம் அசையாமத்தான் இரேன். நாலே செகண்டு. இருமாம இருந்தா முடிஞ்சுபோச்சு."

"இருமல் என்ன சொல்லிட்டா வருது? மழைச்சளி. கண்பதி பண்டிகை கழியட்டும், பெறவு எடுக்கலாம்னா கேக்கீயளா?" என்றாள் சொர்ணம்மாள், பட்டுச்சேலை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே.

"இன்னைக்கேதான் எடுக்கணும்!"

இசக்கிப்பாண்டிக்குக் குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. மனைவி ஒரு மாதிரி பார்த்தாள். அவர் சட்டென்று கேமரா பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாராவியில் அவர்கள் வீட்டு மொட்டைமாடி அது. முக்காலியில் நின்ற அந்தப் பெரிய கேமரா அவரே செய்தது. கோவண்டி பழைய சாமான் கடையில் வாங்கிய தேக்குக் கதவுதான் பெட்டியானது. நடுவில் மடிந்து விரியும் தோலை, பக்கத்துச் சந்தில் பை தைக்கிற வாசிம் ஒட்டிக் கொடுத்தான். ஃபிலிமுக்கு எங்கே போவது? செம்பூரில் அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் தேதி போனதென்று ஒதுக்கும் எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் போட்டுக்கொள்வார். இன்றைக்குக் கைவசம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே குனிந்தார்.

அடடா, அந்தச் சுகம்! செல்போனில் தட்டித் தட்டிப் படம் எடுக்கிறவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? ஊர் இரைச்சல் எல்லாம் தூரப் போய்விடும். எதிரே மங்கல் கண்ணாடியில் உலகம் தலைகீழாக, கலர் கலராக வந்து நிற்கும். மெல்லத் திருகத் திருக ஒவ்வொன்றாகத் தெளியும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்கா ஸ்டேஷனை அதில் பார்த்து ரசித்திருக்கிறார். பாலத்தைப் பார்த்திருக்கிறார். சொர்ணத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, பாவி மனுஷன்.

இப்போது பார்த்தார். தலைகீழாக உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தி, புருவத்துத் தழும்பு, பூசினாற்போன்ற கன்னம். இந்தக் கன்னம் இப்படியே படத்தில் கிடைத்தாக வேண்டும்.

"என்னங்க, உள்ளயே குடித்தனம் வச்சுட்டியளா?"

"ஃபோகஸ் பண்ணுதேன்ளா."

"ஸ்டேஷனுக்குக்கூட இம்புட்டு நேரம் ஆகாதே! நான் என்ன, ஸ்டேஷன விடப் பெருசா?"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. துணியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் லென்ஸை மூடி, ஃபிலிம் சட்டத்தைச் செருகினார். லென்ஸ் மூடியில் கை வைத்தார். வாய்ப் பழக்கம், இந்தியில் வந்தது.

"ஸாஸ் லோ... ரோக்கோ..."

சொர்ணம் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டாள். மூடியைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூடினார். அவள் இம்மியும் அசையவில்லை.

"சோடோ! மூச்ச விடு! சபாஷ்ளா, ஜெயிச்சுட்டே!"

அதற்கப்புறம்தான் அவளுக்கு இருமல் வந்தது. குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அடங்குகிற மட்டும் இருமினாள். இசக்கிப்பாண்டி கேமராவை மடக்குவதிலேயே கண்ணாக இருந்தார்.

"படம் நல்லா வந்திருக்கும். ராத்திரி கழுவி, நாளைக்கே காட்டுதேன்" என்றார்.

சொர்ணம் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வியாழக்கிழமையும் இதே மாதிரிதான் ஸாஸ் ரோக்கோன்னு சொன்னிய. அதுலேர்ந்து என் மூஞ்சிய நீங்க ஏறிட்டுப் பாத்ததே இன்னைக்கு இந்தத் துணிக்குள்ளதான்" என்றாள் மெதுவாக. "இந்தப் படம் கிடக்கட்டும். அன்னைக்கு எக்ஸ்ரே ரூம்ல என்னிய நிறுத்தி எடுத்தியளே, அந்தப் படத்த எப்பங்க எனக்குக் காட்டப் போறிய?"