செவ்வாய்க்கிழமைப் பிசாசு

"இந்தத் தடவையும் இருமிச்சுன்னா மோட்டாரைத் தூக்கிட்டு எல்மினாவிலே வேற மெக்கானிக்கிட்டே போயிடுவேன். அப்புறம் இந்த அபாம் கரையிலே ஒருத்தரும் உன்னை நம்பி ஒரு திருகாணிகூடக் கொடுக்க மாட்டாங்க, ஆமா!"

மாமே எக்குவா இடுப்பில் கை வைத்து நின்றாள். படகு அவளுடையது, மோட்டார் அவளுடையது. குரல் மட்டும் கரைக்கே பொது.

மெக்கானிக் எபோ கயிற்றைச் சுண்டி இழுத்தான். தண்ணீர்ப் பீப்பாய்க்குள் காலை விட்டுக்கொண்டிருந்த மோட்டார் இரண்டு தரம் இருமியது, ஒரு தரம் துப்பியது, படுத்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை. கடலுக்கு ஓய்வு நாள், யாரும் படகு இறக்கக் கூடாது. அதனால் வேடிக்கை பார்க்க ஊரே இருந்தது.

"நாளைக்கு விடியும்போது மத்தவன் எல்லாம் மத்தியை அள்ளுவான். நாம துடுப்புப் போட்டுக்கிட்டே அதை வேடிக்கை பார்ப்போம்" என்றான் வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒருவன்.

எபோ தனியாகத் தொழில் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. இந்த ரக மோட்டாரை அவன் பிரித்து மாட்டுவது இதுதான் முதல் தடவை.

அப்போது தொப்பை முன்னால் வர, பாஸ்டர் அன்சா பின்னால் வந்தார்.

"மீன் பொரிக்கிற வாசனைக்குத்தான் வருவார்னு நினைச்சேன். பெட்ரோல் வாசனைக்கும் வர்றாரே!" என்று யாரோ முணுமுணுக்க, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பாஸ்டர் குனிந்து, புகை வரும் துளையை விரலால் துடைத்து முகர்ந்து பார்த்தார்.

"ஏன்டா எபோ, பெட்ரோல் எரியாமப் பச்சையா வெளியே வருதே?"

"நீங்க பைபிளைப் பாருங்க பாஸ்டரய்யா. இது பாஸ்டராகுறதுக்கு முன்னாலே நீங்க படகு ஓட்டின காலத்து மோட்டார் இல்லே."

"அப்படி என்னடா புதுசு?"

எபோவுக்கு அந்த நிலையிலும் பெருமை வந்துவிட்டது.

"பழசுலே பிஸ்டன் தலையிலே திமில் மாதிரி ஒண்ணு இருக்கும். உள்ளே வர்ற பெட்ரோல் காத்து அதிலே முட்டித்தான் மேலே ஏறும். இதிலே தலை வழுக்கை. காத்து பக்கத்து ஜன்னல் வழியாச் சாய்வா நுழையும். புகைவாசலுக்கு எதிர்ச்சுவத்திலே ஏறி, கூரையிலே ஒரு வளையம் போட்டுத் திரும்பி வந்து, எரிஞ்ச புகையைக் கழுத்தைப் பிடிச்சு வாசல் வழியா வெளியே தள்ளிடும்!"

"எங்க வீட்டுக்கு மருமகள் வந்த மாதிரியேதான்" என்றாள் ஒரு கிழவி. கரையே சிரித்தது.

பாஸ்டர் சிரிக்கவில்லை. "அது சரி, தலை வழுக்கைன்னா முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு எப்படித் தெரியும்?"

எபோ தலையைச் சொறிந்துகொண்டே மோட்டாரைப் பார்த்தான்.

"பிசாசு!" என்று பாஸ்டர் திடீரென்று அலறினார். "மோட்டாருக்குள்ளே இல்லே, இவனுக்குள்ளே!"

இரண்டு கையாலும் எபோவின் தலையை அமுக்கினார். அவன் காதருகே வாயை வைத்து ஏதோ கடகடவென்று ஜெபித்தார். கடைசியில் உலுக்கின உலுக்கலில் எபோ "ஆமென்!" என்று கத்தினான்.

"இவன் சபைக்குள்ளே கால் வைக்கக் கூடாது. இவனையும் மோட்டாரையும் சபைக் கொட்டகைக்குப் பின்னாலே தள்ளுங்க. மத்தவங்க எல்லாரும் பிசாசை விரட்டிப் பாட உள்ளே வாங்க. எட்டிப் பார்த்தா, பார்த்தவங்க மேலே பிசாசு தாவிடும்!"

எபோவின் மனைவி அராபா அவமானத்தில் அழுதுகொண்டே கூட்டத்தோடு உள்ளே போனாள்.

ஒரு பாட்டு முடிந்தது. "இன்னும் பலமா!" என்றார் பாஸ்டர். டிரம் அடிக்கிறவனின் கை வீங்கியது. ஒரு தரம் பாஸ்டரே நிறுத்தி, பின்சுவர்ப் பக்கம் காதைச் சாய்த்தார். முடிந்தது என்று எல்லாரும் எழுந்தார்கள்.

"இன்னொரு பாட்டு!"

வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்த சோளமாவுக் கென்கி உருண்டைகள் ஆறிக் கல்லாகிக்கொண்டிருந்தன. ஆண்டவருக்கே கால் வலித்திருக்கும்.

சூரியன் உச்சிக்கு வந்தபோது, வெளியே மோட்டார் உறுமியது. இருமவில்லை, துப்பவில்லை, உறுமியது. பாஸ்டர் பாதிப் பாட்டிலேயே "ஆமென்" சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மாமே எக்குவா ஆடிக்கொண்டே வெளியே வந்தாள். "பார்த்தியாடா? உன்னாலே ஆகாதது என் பாஸ்டராலே ஆச்சு! போனாப் போவுது, பிசாசுதான் ஓடிப்போச்சே. இனிமேலும் என் மோட்டாரை நீயே பார்த்துக்கோ."

மறுநாள் வலையில் விழுந்ததிலேயே கொழுத்த மீன் பாஸ்டர் வீட்டுக்குப் போனது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் எபோவும் இரண்டு மீனை இலையில் சுற்றினான்.

"யாருக்கு?" என்றாள் அராபா.

"பாஸ்டருக்கு."

"உனக்குச் சூடு சொரணை இருக்கா? ஊருக்கு முன்னாலே தலையைப் பிடிச்சு அமுக்கிப் பிசாசுன்னு சொன்னவருக்கு மீனா?"

நகக்கண்ணில் இருந்த கரியைச் சுரண்டிக்கொண்டே எபோ சிரித்தான்.

"காதிலே என்ன ஜெபிச்சார்னு உனக்குத் தெரியாதே! 'மடையா, பிஸ்டனை முன்பின் மாத்தி மாட்டியிருக்கே. அது தலையிலே இருக்கிற அம்புக்குறி புகைவாசலைப் பார்க்கிற மாதிரித் திருப்பி மாட்டு. அதுவரைக்கும் இவங்களை நான் உள்ளே பாட வைக்கிறேன், டிரம் சத்தத்திலே சுத்தியல் கேக்காது. இப்போ சத்தமா ஆமென் சொல்லு!'"