இருவருக்கு ஒரே முகவரி

ஒரு மருத்துவமனையில் மருந்தகக் கணினியும் சமையலறைக் கணினியும் இருந்தன. காலையில் இரண்டையும் எழுப்புவது பூட் சர்வர் என்ற இன்னொரு கணினியின் வேலை. எழுப்பும்போதே, "உன் ஐபி முகவரி இதுதான்" என்று கணினியின் மூளையான கெர்னலின் காதில் ஒரு வரி சொல்லிவிடும். அதன்பிறகு கேள்வி கிடையாது.

ஒருநாள் அது இரண்டுக்கும் ஒரே முகவரியைச் சொல்லிவிட்டது.

பிரசவ வார்டில் ஒரு தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அவசரமாக ஊசி கேட்டு மருந்தகத்துக்கு அனுப்பிய செய்தி சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தது.

"என் முகவரியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வருவதைத் திருடுகிறாயா?" என்று மருந்தகக் கணினி சீறியது.

"நானா திருடுகிறேன்? கஞ்சி கேட்டு வருவதெல்லாம் உன்னிடம்தானே போகிறது? கண் விழிக்கும்போதே எனக்குச் சொன்ன முகவரி இது," என்று சமையலறைக் கணினி எகிறியது.

"எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்."

சண்டை நின்றது. இரண்டும் பூட் சர்வர் பக்கம் திரும்பின.

"ஒரே முகவரியை இரண்டு பேருக்குக் கொடுக்கிறோம் என்று உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கோப்பில் இருந்ததை வாசித்தேன். சரிபார்ப்பது என் வேலை இல்லை," என்றது அது.

வார்டிலிருந்து மறுபடியும் செய்தி கிளம்பியது. சமையலறைக் கணினி பல்லைக் கடித்துக்கொண்டு தன் முகவரியை விட்டுக்கொடுத்தது. செய்தி மருந்தகத்தை அடைந்தது. ஊசி போனது, தாய் பிழைத்தாள்.

"பார்த்தீர்களா, நான் தலையிடாமலே எல்லாம் சரியாகிவிட்டது," என்று பூட் சர்வர் அனைவருக்கும் கேட்கும்படி அறிவித்தது.

சமையலறைக் கணினி கொதித்துப்போய் அதற்கு ஒரு பதில் சொன்னது. முகவரி இல்லாத இடத்திலிருந்து வந்ததால் அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.