எல்லாவற்றுக்கும் சரி

ஸ்டூல் மேல் நின்ற கணவர், திரைச்சீலைக் கம்பியை ஜன்னலுக்கு மேலே பிடித்துக்கொண்டு, "இங்கயா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் மேல."

"சரி."

திரைச்சீலைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கை நின்றுவிட்டது.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. மழை என்றால் தூறல் என்பார். தையல்காரியான அவளே சட்டையை அளந்து அளவு சொன்னாலும், டேப் பழசு என்பார். மகள் அவருக்கு வைத்த பெயர் எதிர்க்கட்சி.

கல்யாணமான புதிதில் அழுதிருக்கிறாள். பிறகு பதிலுக்குப் பதில் கொடுக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது அந்த வீட்டில் பேச்சு என்றாலே அதுதான்.

"இடது பக்கம் தள்ளுங்க."

தள்ளினார்.

வேண்டுமென்றே சொன்னாள். "ஜன்னல்ல வேணாம். அந்த வெறும் சுவத்துல மாட்டுங்க."

எதிர்க்கட்சி ஒரு வாரத்துக்கு வைத்துப் பேச வேண்டிய விஷயம்.

அவர் இறங்கி, ஸ்டூலை நகர்த்திப் போட்டு, மறுபடி ஏறி, வெறும் சுவரில் பென்சிலால் குறி வைத்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று சாயங்காலத்திலிருந்தே இப்படித்தான். குழம்பில் உப்பே போடவில்லை, நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார். பாதிச் செய்தியில் டிவியை நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினார். போனில் மகளோடு வம்புக்குப் போனால், அவளும் "சரிம்மா, உன் இஷ்டம்" என்கிறாள். மூடியிருக்கிறது என்று நினைத்துக் கதவை முட்டித் தள்ளப் போய், அது திறந்தே கிடந்தால் தடுமாறுவோமே, அப்படி இருந்தது.

தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நேத்து ஆஸ்பத்திரியில என் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, என்னை வெளியில உட்கார வச்சிட்டு உங்களை மட்டும் உள்ள கூப்பிட்டாங்களே. டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்ல. மாத்திரையிலயே சரியாயிடும்னார்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பொய் சொல்றீங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். யார் பொய் சொல்வது, நான் என்றைக்குப் பொய் சொன்னேன், சாட்சியைக் கூப்பிடு என்று ஸ்டூலிலிருந்து இறங்கிச் சண்டைக்கு வருவார். வரட்டும். இன்றைக்கு விடிய விடிய வேண்டுமானாலும் பேசி, கடைசியில் தோற்றுப்போகத் தயாராக இருந்தாள்.

அவர் திரும்பவில்லை.

டிரில்லிங் மெஷினை எடுத்து, வெறும் சுவரில் துளை போட ஆரம்பித்தார்.