மதிலுக்கு மேலே வேப்பமரம்

மதிலில் சாய்த்த சைக்கிளின் கேரியரில் ஏறி நின்று, மோனிஷா கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறாள். பள்ளி இணையவழி சேர்த்துவைத்த கொரியத் தோழி சோயுன், மோனிஷாவின் குலதெய்வத்தைப் பார்க்கத் திரையில் காத்திருக்கிறாள். அந்தி வெயிலில் வேப்பமரத்தின் உச்சி மட்டுமே தெரிகிறது. ஊர் வயல்களோடு கார் தொழிற்சாலையின் மதிலுக்குள் போய்விட்ட கன்னிமார் கற்கள், அந்த மரத்தடியில் மஞ்சள் உதிர்ந்து நிற்கும்.

“இன்னாம்மா வீடியோ எடுத்துகினு கீற? எறங்கு!” காவலாளி கத்துகிறார்.

“எங்க சாமி உள்ள கீதுண்ணா.”

“ஆடிக்கு பாஸ் தருவாங்க, அப்ப வந்து கும்புடு. சாமி எங்கயும் ஓடிடாது.”

இறங்கும்போது மதிலில் எழுதிய கம்பெனிப் பெயர் திரையில் விழுகிறது. சோயுன் துள்ளிக் கைதட்டுகிறாள். அவள் அப்பா வேலை செய்யும் கம்பெனியாம். சாமியை அவள் மறுபடி கேட்கவேயில்லை. லாரிப் புழுதியில் நின்று மோனிஷாவும் சிரித்துவைக்கிறாள்.