இடது பக்கச் சிவப்பு

"இவருக்கும் இடது பக்கம் சிவந்திருக்கு. பன்னெண்டு பேர்ல இவரோட ஒன்பது," என்றாள் நர்ஸ், கடைசி ஆளின் முதுகில் சோதனைக்காக க்ரீம் தடவி ஒட்டியிருந்த பட்டையை மெல்ல உரித்தபடி. வலது பக்கத்துப் பட்டையின் கீழே தோல் சமர்த்தாக இருந்தது.

புது க்ரீமைத் தயாரித்தவள் அந்த எண்ணிக்கையை நோட்டில் குறித்துக்கொண்டாள். அதில் அவள் சேர்த்திருந்தது, தோல் மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஒரு பாலிமர். அந்தத் தொழிலிலேயே பாதிப் பேர் கேள்விப்படாத சரக்கு. அதை நம்பி மூன்று வருடத்தைக் கொட்டியிருந்தாள். இன்று தேறினால் அவள் க்ரீம் கடைக்குப் போகும், தேறாவிட்டால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எல்லார் முதுகிலும் ஒரே மாதிரி, ஒரு பக்கம் அவளுடைய பாலிமர் க்ரீம், மறுபக்கம் கம்பெனியின் பழைய க்ரீம். எது எந்தப் பக்கம் என்று ஒட்டிய நர்ஸுக்கே தெரியாது. அந்த விவரம் மேசை மேல் ஓர் ஒட்டிய உறைக்குள் இருந்தது.

"இதைத் திறந்துதான் தெரியணுமா?" என்றபடி மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நம்ம பழைய க்ரீம் இருபது வருஷமா ஓடுது. போன மாசம் வாசனையை மாத்தினோம், இன்னும் பிச்சுக்கிட்டுப் போகுது." சட்டைப் பையிலிருந்து அதன் ட்யூபை எடுத்து இரண்டு கையிலும் தேய்த்து, மோந்தும் பார்த்துக்கொண்டார்.

அவள் உறையை நோக்கிக் கை நீட்டினாள். அவர் குரல் இளகியது.

"இங்க பாரும்மா. உறையைத் திறந்தா பதிவு பண்ணியாகணும். தோலைப் புண்ணாக்கினவள்னு உன் பேரு காலத்துக்கும் நிக்கும். சோதனையை வாபஸ் வாங்கிட்டதா ஒரு கையெழுத்துப் போடு, வேற பிரிவுல வேலை தரேன்." பேசிக்கொண்டே புறங்கையைச் சொறிந்தார். "இந்த ஏசி வேற, தோலைக் காய வெச்சுக் கொல்லுது."

வாபஸ் தாளை அவள் பக்கம் தள்ளினார். நல்ல மனுஷர்தான். வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம்; அவள் பேனாவை எடுத்தாள்.

சட்டையை மாட்டிக்கொண்டிருந்த அந்தக் கடைசி ஆள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ரொம்ப எரியுதும்மா. இதைக் கடைக்கு அனுப்பிட மாட்டீங்களே?"

அவள் கை நின்றது. கையெழுத்துப் போட்டால், இவர் முதுகு எரிந்த சங்கதி எந்தக் காகிதத்திலும் இருக்காது. நாளைக்கு வேறு யாராவது இதே பாலிமரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், வேறு யாருடைய முதுகாவது எரியும். வேலை போனால் போகட்டும் என்று பேனாவை மூடி வைத்தாள்.

"திறங்கக்கா. எழுத வேண்டியதை எழுதிடலாம்." உறையை எடுத்து நர்ஸிடம் நீட்டினாள்.

"பொழைக்கத் தெரியாத பொண்ணு," என்றார் மேலாளர், இன்னும் கொஞ்சம் க்ரீமைப் பிதுக்கியபடி.

நர்ஸ் உறையைக் கிழித்தாள். உள்ளிருந்த தாளைப் படித்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை படித்தாள். பிறகு நிமிர்ந்து, மேலாளரின் சிவந்த கைகளையே பார்த்தாள்.

"இடது பக்கம் ஒட்டினது பழைய க்ரீம் சார். நீங்க முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."