அவிழ்ந்த ரிப்பன்

ரிப்பனைப் பார்க்காதே. படச் சட்டத்தின் மூலையைப் பார்த்துக்கொண்டு நில், போதும்.

அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண் கேட்டால்தானே.

கண்காட்சிக் கூடத்தின் நடுச்சுவரில் காலமான அவள் கணவர் எடுத்த புகைப்படம். உயரப் போன ஊஞ்சல். பலகையில் ஆள் இல்லை. பின்சுவரில் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமியின் நிழல். இரட்டைச் சடை பறக்கிறது. ஒன்றில் ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது.

பார்க்கும்போதெல்லாம் கட்டிவிடக் கை எழும். இன்று கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கண்காட்சியை ஏற்பாடு செய்த விமர்சகர் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நிழல் என்பது அடிமனம். அவிழ்ந்த ரிப்பன் விடுதலை. வெளிநாட்டு சர்ரியலிசப் படங்களின் பாதிப்பு பளிச்சென்று தெரிகிறதாம்.

அவள் பக்கம் திரும்பினார். "இது சார் கண்ட கனவுதானேம்மா?"

"அவரா? படுத்தா கட்டைங்க. கனவுகூட தட்டி எழுப்பிட்டுத்தான் உள்ள வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"லெட்டர்ல கேட்டிருந்தேனே, ஒரிஜினல் நெகட்டிவ். பக்கத்துலயே மாட்டிட்டா, நிழலை எப்படிச் சேர்த்தார்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

நிழலை யாரும் சேர்க்கவில்லை.

அந்த நாளில் முன்னறையில் அவர் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூடியோ. பின்னறையில் அவளுடைய டச்சப் மேசை. பரு, தழும்பு, கலைந்த முடி என்று ஊரார் முகத்தில் வேண்டாததையெல்லாம் மெல்லிய தூரிகையால் மறைப்பது அவள் வேலை.

மகள் காய்ச்சலில் இறந்து மூன்று வாரம் கழித்து, கடை முகப்பில் மாட்டியிருந்த மகளின் ஊஞ்சல் படத்தை அவர் அந்த மேசையில் கொண்டுவந்து வைத்தார். கழற்றிப் போடவும் மனசில்லை, பார்க்கவும் முடியவில்லை. பாப்பாவை மட்டும் எடுத்துவிடு என்றார்.

முதலில் செருப்பை மறைத்தாள். பிறகு கால், கவுன், சங்கிலியைப் பிடித்திருந்த கைகள். கடைசியாக முகம்.

நிழல் மிச்சமிருந்தது. தூரிகையை நனைத்தாள். துடைத்தாள். மறுபடி நனைத்தாள். அப்படியே வைத்துவிட்டு, முடிந்தது என்றாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே மாட்டினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பேர் வந்தது. கனவா என்று யார் கேட்டாலும் அவர் தலையாட்டி வைத்தார்.

நெகட்டிவ் இப்போது கைப்பையில்தான் இருக்கிறது. கொடுத்துவிடலாம் என்றுதான் கொண்டுவந்தாள்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முழுசாக அவள் பெண். வாய்கொள்ளாச் சிரிப்பு. கறுத்துத் தெரியும் பல்வரிசையில், முந்தின வாரம் விழுந்த பால்பல்லின் இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும்.

விமர்சகர் கையை நீட்டியபடி நின்றார். பாவம், நல்ல மனிதர்தான். நாளைக்கு அந்தப் பல்லுக்கும் ஒரு அர்த்தம் சொல்வார்.

"இல்லைங்க," என்றாள். "அதைக் குடுக்கறதா இல்லை."